சவரியாரின் பேய் கிட்டார்

என் வீட்டுக்காரர் பெயர் சவரியார். புருஷன் பெயரை இப்படிப் பட்டென்று சொல்கிறாளே என்று யாரும் மூக்கில் விரல் வைக்க வேண்டாம். பணியில் இருந்த காலமெல்லாம் தமிழ் டீச்சராக நின்று ஊர்ப் பிள்ளைகள் பெயரைத் தினம் ஒரு தடவை கூப்பிட்டவள் நான். இவர் பெயரை மட்டும் எதற்கு விழுங்க வேண்டும்?

வரதராசன்பேட்டையில் முந்திரிக் கொல்லை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாதா கோயில் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். பேஸ் கிட்டார் என்றால் நாலே கம்பி. பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று போய்க்கொண்டிருக்கும். அது இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் பாட்டே வெறிச்சென்று ஆகிவிடும். ஆளும் அப்படித்தான். குடி கிடையாது, கோபம் கிடையாது, சாப்பாட்டில் உப்பு கூடினாலும் ஒரு சொல் கிடையாது.

முக்கியமாக, நான் பேசினால் உம் கொட்டிக் கேட்பார். நானோ வாய் ஓயாதவள். பள்ளிக்கூடத்தில் நடந்தது, ரேஷன் கடையில் நடந்தது, என் முழங்கால் வலி, பாவக்காய் விலை, எல்லாவற்றையும் கொட்டுவேன். நான் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் சரியாக ஒரு 'ம்' வரும். "டீச்சருக்குக் கொடுப்பினை. எங்கூட்டு ஆளு ரெண்டாவது வார்த்தையிலயே எந்திரிச்சுப் போயிடுறாரு" என்று பக்கத்து வீட்டு உண்ணாமலை பெருமூச்சு விடுவாள். இலக்கணத்தில் 'ம்' ஒரு மெய்யெழுத்து, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அது முழு வாக்கியம்.

இந்தத் தங்கமான மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம். அவலட்சணமான பழைய பேஸ் கிட்டாராகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார். கடையில் லட்சணமாக, வழவழப்பாக எத்தனையோ தொங்கும். அதையெல்லாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கலைந்துபோன கச்சேரிக் குழு எங்காவது இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், பஸ் ஏறிவிடுவார். காதில் விழுந்தால் என்று நான் எழுதுவதைப் பிறகு நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

அப்படி நாலு சேர்ந்தது. முதலாவது முறம் மாதிரி தட்டையாக, கொம்பில்லாமல் இருக்கும். இரண்டாவது கோடாலி. மூன்றாவது உடம்பெல்லாம் முத்துச்சிப்பி நிறத்தில் பிளாஸ்டிக் தகடு ஒட்டிய வெட்டுக்கிளி. நாலாவதுதான் எங்கள் குடும்ப மானத்தை வாங்கியது. பெரம்பலூரில் ஒரு காலத்தில் கொடி கட்டிப் பறந்த கச்சேரிக் குழுவில் செல்லமுத்து என்பவர் வாசித்தது. குழு கலைந்த பிறகு குரும்பலூரில் தன் வீட்டு மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டு வைத்திருந்தார். இவர் போய்க் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

கருஞ்சிவப்பு. மேல்பக்கம் ஒரு கொம்பு, செம்மறிக் கிடா கொம்பு போலத் தூக்கி, வளைந்து, வாசிக்கிறவர் மோவாய் வரைக்கும் வரும். கீழ்ப்பக்கம் இன்னொன்று, மொட்டையாக. நடுவில் ஒரு வரிசை சுவிட்ச். பாதி எதற்கென்று செல்லமுத்துவுக்கே தெரியாதாம். மாட்டுச்சாண வாடை போக ஒரு வாரம் வெயிலில் வைத்தோம்.

"டீச்சர், அய்யா பேய் கிட்டாரு வாங்கியாந்திருக்காராமே?" என்று உண்ணாமலை கேட்டாள்.

"பேய் இல்லடி, பேஸ்" என்றேன்.

அவள் கிட்டாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கொம்பு வெச்சிருக்குதேங்க" என்றாள்.

நானும் யோசித்தேன். பேஸ் என்று எழுதினாலும் பேய் என்று எழுதினாலும் இரட்டைக் கொம்பு போட்டுத்தானே எழுத வேண்டும். தமிழே அவள் பக்கம் நின்றது. அன்று முதல் தெருவில் அதற்குப் பேய் கிட்டார் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இவர் அதைக் கோயிலுக்கு எடுத்துப் போனார். பாடகர் குழுவில் ஓரமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, அந்தக் கொம்பு நுனியில் தாடையை வைத்துக்கொண்டு வாசிப்பார். கிறிஸ்துமஸ் பூசையில் யாரோ அதை போனில் படம் பிடித்து, 'பேய்க்கு முத்தம் கொடுக்கும் பெரியவர்' என்று எழுதி ஊர் வாட்சப்பில் விட்டுவிட்டார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளெல்லாம் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். 'ம்' என்றார்.

தேர்த் திருவிழா நெருங்கியபோது ஜெனிதா வந்தாள். பாடகர் குழுவை இப்போது நடத்துகிறவள், என்னிடம் படித்தவள்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, வந்த விஷயத்தைச் சொல்ல முடியாமல் சேலைத் தலைப்பைத் திருகினாள்.

"சொல்லும்மா, மென்னு முழுங்காத" என்றேன்.

"திருவிழாப் பூசைக்கு ஆயர் வராருங்க டீச்சர். அய்யா நல்லாத்தான் வாசிக்கிறாரு. கொஞ்ச நாளா பாட்டு முடிஞ்சப்பறமும் ரெண்டு தும் தனியா வாசிச்சிடுறாரு, அது பரவால்ல. ஆனா அந்தக் கொம்பு கிட்டாரு வேணாங்கறாங்க கமிட்டியில. வேற எடுத்துட்டு வந்தா வாசிக்கட்டும், இல்லன்னா கீபோர்டுலயே பேஸ் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

அவள் போன பிறகு எனக்குக் கை வேலை ஓடவில்லை. ஒன்று கொம்பு போக வேண்டும், இல்லாவிட்டால் இவர் போக வேண்டும். பாடகர் குழு இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் இந்த மனிதரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கிட்டாருக்கென்ன, அது மரம். மரம் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

தெய்வாதீனமாக என்று அப்போது நினைத்தேன், மறுநாளே திருச்சியிலிருந்து போன் வந்தது. எங்கள் வீட்டில் போன் எடுப்பது நான்தான். இவருக்குப் போனில் பேசப் பிடிக்காது. பேசியவர் பாலசுந்தரம், டயர் கடைக்காரர். பழைய கிட்டார் சேர்க்கிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம், அதில் அவரும் ஒருவர். அந்த முத்தப் படம் எப்படியோ சுற்றிச் சுற்றி அவர் கைக்குப் போயிருக்கிறது. எல்லாரும் சிரித்த இடத்தில் அந்த மனிதர் கிட்டாரைப் பார்த்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம்.

"இந்தக் கொம்பு மாடலை நான் புத்தகத்துலதாம்மா பாத்திருக்கேன். அய்யா குடுக்கறதா இருந்தா, நல்ல கண்டிஷன்ல சாதாக் கிட்டாரு ஒண்ணு எடுத்துட்டு வரேன். மாத்திக்கலாம். மேல என்ன போடணும்னாலும் போட்டுடறேன்" என்றார்.

சோற்றைப் போட்டுக்கொண்டே இவரிடம் சொன்னேன். "திருச்சியிலேருந்து ஒருத்தர் வராரு. கொம்பு கிட்டார எடுத்துக்கிட்டு நல்லதா ஒண்ணு தராரு. திருவிழாவுக்கு அத வாசிச்சிக்கலாம். சரிதானே?"

"ம்" என்றார்.

மறுநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே மறுபடி கேட்டேன். 'ம்'. கொடியில் துணி போட்டுக்கொண்டே கேட்டேன். 'ம்'. இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது. அன்றைக்கு முருங்கைக்கீரை அடை சுட்டுக் கொடுத்தேன்.

பாலசுந்தரம் ஒரு காலை நேரத்தில் அரியலூர் வழியாகக் காரில் வந்து இறங்கினார். தொந்தியும் சிரித்த முகமுமாக இருந்தார். கையில் கறுப்புப் பெட்டி. இவருக்கு ஒரே சந்தோஷம். தன் கிட்டார்களைப் பார்க்க ஓர் ஆள் திருச்சியிலிருந்து வருவதென்றால் சும்மாவா? நாலையும் கூடத்துக்குக் கொண்டுவந்து, துடைத்து, கட்டில் மேல் வைத்தார். பாலசுந்தரம் பேசப் பேச அவர் வாயையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

காபி கொடுத்துவிட்டு நான் கேட்டேவிட்டேன். "உலகத்துல எத்தனையோ அழகான கிட்டாரு இருக்கே. இந்தக் கோணல்மாணலுக்கு எதுக்குங்க இவ்வளவு தூரம் வரீங்க?"

"அழகா இருந்ததெல்லாம் ஆயிரக்கணக்குல வித்துப்போச்சு டீச்சர். இன்னைக்கும் அதே மாதிரி செய்யறான். அதுல தேடறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "அந்தக் காலத்துல பேஸ் கிட்டாருன்னா இப்படித்தான் இருக்கணும்னு யாரும் சட்டம் போடல. துருத்தி வெச்ச அக்கார்டியன் பொட்டி செஞ்சவன், மேசை நாற்காலி செஞ்சவன்லாம் இதுல எறங்கினான். தோணினதச் செஞ்சான். இந்த வெட்டுக்கிளி மேல ஒட்டியிருக்கறது அக்கார்டியன் தகடுதான். கடையில போணியாகல. ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல மூடிட்டான். அதனால மிச்சம் இருக்கறது கொஞ்சந்தான். சத்தமும் ஒண்ணொண்ணும் ஒரு தினுசா உறுமும். கம்பிக்குக் கீழ சத்தத்தப் புடிக்கற பிக்கப்ப தப்பான எடத்துல வெச்சிருப்பான், அந்தத் தப்புலதான் அந்த உறுமல் வரும்."

"தப்பு பண்ணினதுக்கு இவ்வளவு மரியாதையா?"

அவர் சிரித்தார். "கடையில ஆயிரம் டயர் அடுக்கி வெச்சிருக்கேன். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் வித்தியாசம் கெடையாது. வித்தியாசம் இருந்தா கஸ்டமர் திருப்பிக் குடுத்துடுவான். வூட்டுக்கு வந்தா ஒண்ணாவது வேற மாதிரி இருக்கணும்னு மனசு கேக்குது. எவனோ ஒருத்தன் எங்கயோ ஒரு பட்டறையில இது அழகுன்னு நெனச்சு செஞ்சிருக்கான் பாருங்க. ஊரே இல்லன்னு சொல்லிச்சு. அவன் பக்கம் நிக்க ஒரு ஆளு வேணாமா?"

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்த மனிதர் அடுத்த காக்கையின் குஞ்சையும் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறாரே என்று நினைத்தேன். பிடித்திருந்தது.

பிறகு அவர் இவரிடம், "எந்த வரிசையில வாங்கினீங்கண்ணே?" என்று கேட்டார். முதல் தடவை இவருக்குப் புரியவில்லை. விரலால் ஒன்று இரண்டு என்று காட்டியதும் முறம், கோடாலி, வெட்டுக்கிளி, கிடா என்று வரிசையாக வைத்தார். பாலசுந்தரம் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"நாங்க சேக்கறவங்க எல்லாருக்கும் ஒரு நோக்கம் இருக்கும் டீச்சர். ஒருத்தர் ஒரே கம்பெனியா வாங்குவாரு, ஒருத்தர் ஒரே நெறமா வாங்குவாரு. அண்ணன் வாங்கினது கம்பெனி வேற, நாடு வேற, வருஷம் வேற. ஆனா பாருங்க, கொம்பு ஒண்ணவிட ஒண்ணு ஒசந்துக்கிட்டே போவுது."

அப்போதுதான் நானும் பார்த்தேன். முறத்துக்குக் கொம்பே கிடையாது. கோடாலிக்குச் சின்னதாக ஒன்று. வெட்டுக்கிளிக்கு இன்னும் நீளம். கிடாவுக்கு மோவாய் வரைக்கும். தினமும் தூசி தட்டுகிறவள் நான், இது என் கண்ணில் படவில்லை.

அவர் கிடாவை எடுத்து போன் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "கை படற எடத்துலதான் பெயிண்ட் தேயும். இதுல கொம்பு நுனியில தேஞ்சிருக்கு." நுனியைத் தடவினார். "டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. வூட்டுல எலி இருக்கா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என் வூட்டுல எலியா?"

"பல்லுத்தடம் இருக்கு. கோடாலியில லேசா, வெட்டுக்கிளியில கொஞ்சம் ஆழமா. இதுல நல்லாவே." அவர் சமாதானமாகச் சொன்னார். "பரவால்ல விடுங்க, அதுவும் அதோட கதைதான்." சொல்லிவிட்டுத் தான் கொண்டுவந்த கிட்டாரை வெளியே எடுத்துக் கட்டில் மேல் வைத்தார். கிடாவைப் பெட்டிக்குள் படுக்க வைத்து மூடப் போனார்.

நான் கையை நீட்டி அந்தக் கொம்பைத் தொட்டேன். எலிக்கு அவ்வளவு அகலப் பல் கிடையாது. இரண்டு பள்ளம், நடுவில் ஓர் இடைவெளி. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்று இவர் சிரித்தபோதே பார்த்த இடைவெளி.

பெட்டி மூடுகிற சத்தத்துக்கு இவர் திரும்பவில்லை. மற்ற மூன்றையும் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கட்டிலில் கிடா இல்லாததைப் பார்த்தார்.

"அது எங்க?"

"பெட்டியிலண்ணே. நீங்க சம்மதிச்சீங்கன்னு டீச்சர் சொன்னாங்களே" என்றார் பாலசுந்தரம்.

இவர் என்னைப் பார்த்தார். "என்ன சம்மதம்?"

"ஒரு வாரமா சொல்றேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ம்ன்னீங்க."

இவர் முகம் வெளுத்துவிட்டது. பெற்ற தாயை அடக்கம் செய்த அன்றுகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்குக் கேக்கல லீலா" என்றார்.

"என்ன கேக்கல?"

"எதுவும் கேக்கல. ஆனி ரோஸ் கல்யாணத்துக்கு முன்னாடியேருந்து கொஞ்சங் கொஞ்சமா போயிடுச்சு."

ஆனி ரோஸ் எங்கள் மகள். அவளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. ஆலைச் சத்தத்தால் வந்ததா என்று கையைக் காட்டிக் கேட்டேன். இல்லையாம். எனக்குத் தெரியாமல் திருச்சியில் டாக்டரைப் பார்த்திருக்கிறார். காதுக்குள்ளே இருக்கிற பொடி எலும்பு இறுகிப்போய்விட்டது, உள்காது நன்றாகத்தான் இருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம், இல்லாவிட்டால் மெஷின் வைக்கலாம் என்றாராம். இவர் இரண்டும் வேண்டாமென்று பஸ் ஏறி வந்துவிட்டார்.

"செவிடுன்னு தெரிஞ்சா பாடகர் குழுவுல நிறுத்திடுவாங்க" என்றார். "ஒரு நா தற்செயலா கிட்டாரோட வெளிம்புல பல்லு பட்டுச்சு. மண்டைக்குள்ள தும்முனு கேட்டுச்சு. காது வழியா வராதது எலும்பு வழியா வந்துருச்சு. ஆனா முறத்தக் கடிக்கணும்னா ரொம்பக் குனியணும், கழுத்து புடிச்சிக்கும். அதான் கொம்பு உள்ளதாத் தேடினேன். இதுதான் குனியாம எட்டுது. கோயில்ல கடிச்சா சிரிப்பாங்கன்னு தாடையைத்தான் வெச்சுக்குவேன். அதுல பாதிதான் கேக்கும்."

பாலசுந்தரம் பெட்டியைத் திறந்து, கிடாவை இரண்டு கையாலும் எடுத்து இவர் மடியில் வைத்தார். தன் சாதாக் கிட்டாரைப் பெட்டிக்குள் போட்டு மூடினார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "என்னிக்காவது குடுக்கறதா இருந்தா எனக்கு மொதல்ல சொல்லுங்க டீச்சர். அந்த நாளு சீக்கிரம் வரணும்னு நான் வேண்டிக்க மாட்டேன்" என்றார். மனிதர் கண் கலங்கியிருந்தது.

கார் போன பிறகு எனக்கு வந்தது ஆத்திரம்தான். பரிதாபமெல்லாம் அப்புறம் வந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று இவரை எத்தனை தடவை திட்டியிருப்பேன்! அதுவும் இவருக்குக் கேட்டிருக்காது. என் அம்மா செத்த வருஷம் தினம் சாயங்காலம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பற்றியே பேசினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லார் முன்னாலும் என்னை அவமானப்படுத்தியதை இவரிடம் மட்டும்தான் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ம்' வாங்கிக்கொண்டு மனசு ஆறி எழுந்து போயிருக்கிறேன். அத்தனையும் சுவரிடம் சொன்னதா?

முகத்துக்கு நேராகப் போய் நின்று கத்தினேன். "கமிட்டிக்குப் பயந்து மறைச்சீங்க, சரி. எங்கிட்ட எதுக்கு மறைச்சீங்க? நான் யாரோவா?"

என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"கேக்கலன்னு தெரிஞ்சா நீ பேசறத நிறுத்திடுவ" என்றார். "நீ பேசறதப் பாத்துக்கிட்டிருந்தாலே எனக்குப் பாதி புரிஞ்சிடும். மீதிக்கு ம் போட்டுக்குவேன். நீ திரும்பி நின்னுட்டா மட்டுந்தான் ஒண்ணும் தெரியாது, அப்பவும் ஒரு ம் போட்டு வெப்பேன்."

சோறு போடும்போது குனிந்திருந்தேன். பாத்திரம் துலக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். துணி போடும்போது முகத்தை ஈரச் சேலை மறைத்திருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அது எப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் மடியிலிருந்த கிட்டாரை நிமிர்த்தி, கொம்பை அவர் வாய்ப்பக்கம் தள்ளி, கடியுங்கள் என்று சைகை காட்டினேன். கடித்தார். நான் குனிந்து, அதன் உடம்பில் என் மோவாயை அழுத்தி, மரத்தோடு மரமாக வாயை வைத்துக்கொண்டு சொன்னேன்.

"திருவிழாவுக்கு இதத்தான் வாசிக்கிறீங்க. நல்லாக் கடிச்சுக்கிட்டே வாசிங்க. எவளாவது சிரிச்சா நான் பேசிக்கிறேன்."

அவர் கொம்பிலிருந்து வாயை எடுத்தார்.

"கத்தாத லீலா" என்றார். "நல்லாக் கேக்குது." சொல்லிவிட்டு, அவசரமாக மறுபடி கடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மரத்திலிருந்து முகத்தை எடுக்காமலே அழுதேன். அதுவும் அவருக்குக் கேட்டது.